உக்கடத்துப் பழைய இரும்பும் அஞ்சாவது ஆக்ஸிஸும்

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியா கொஞ்சம் சுருக்கித் திருத்தியிருக்கோம்.)

இன்னைக்கு நம்ம ஊர் மெஷின்களோட கதை.

உக்கடத்துல இருந்து ஆத்துப்பாலம் வரைக்கும் 2024 ஆகஸ்ட்ல திறந்த மேம்பாலம் உங்களுக்குத் தெரியும். அதுக்குக் கீழே, பக்கத்துச் சந்துகள்ல, பழைய இரும்புக் கடைகள். கழட்டின மோட்டார், பேரிங், கியர், எந்த மெஷின்ல இருந்து வந்ததுன்னே தெரியாத பாகங்கள் எல்லாம் எடைக்குக் கிடைக்கும். பாலத்துல ஏறி ஆத்துப்பாலத்துல இறங்கி, பொள்ளாச்சி ரோட்டைப் பிடிச்சா கொஞ்ச தூரத்துல குறிச்சி சிட்கோ. அங்க வரிசையா பட்டறைகள், உள்ளே சிஎன்சி மெஷின்கள்.

இந்தச் சில கிலோமீட்டருக்குள்ளயே நம்ம ஊர் இன்ஜினியரிங் வரலாற்றோட ரெண்டு முனையும் இருக்கு. மெஷினைப் பிரிச்சுப் பார்த்தே தொழில் கத்துக்கிட்ட ஊர் இது. பிரிச்சாலும் புரியாத ஒரு மெஷின் வந்து நின்னா இந்த ஊர் என்ன பண்ணும்? அதுதான் இன்னைக்குக் கேள்வி.

பிரிச்சுப் பார்த்த ஊர்

1888-ல ராபர்ட் ஸ்டேன்ஸ் இங்க முதல் நூற்பாலையைத் தொடங்கினார். நம்ம ஆளுங்க வாயில அது ஸ்டேன்ஸ் மில். மெஷின் எல்லாம் இங்கிலாந்துல இருந்து கப்பல்ல வந்தது. ஒரு கியர் உடைஞ்சா மாற்றுப் பாகமும் கப்பல்லதான் வரணும். மாசக்கணக்கா மில்லை நிறுத்தி வைக்க முடியுமா? உள்ளூர்ல கொல்லரையும் மோல்டரையும் வெச்சு வார்த்துக் கடைஞ்சு மாட்ட வேண்டியதுதான்.

1930-கள்ல பைக்காரா மின்சாரம் வந்ததும் மில்கள் பெருகுச்சு. கிணத்துக்குப் பம்பு தேவைப்பட்டது, பம்புக்கு மோட்டார் தேவைப்பட்டது. 1937-ல ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து பீளமேட்டுல மின்மோட்டார் செஞ்சாங்க. இந்தியாவுல செஞ்ச முதல் மோட்டார்னு அதைச் சொல்றாங்க.

இந்த ஜி.டி. நாயுடு 1920-ல பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவுல ஒத்தைப் பஸ் ஓட்டித் தொழிலை ஆரம்பிச்சவர். இன்னைக்கும் அந்த ஊர்களுக்கு உக்கடத்துல இருந்துதான் பஸ் கிளம்புது. இளவயசுல ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கிப் பிரிச்சுப் போட்டு, திரும்ப மாட்டி ஓட்டினார்ங்கிற கதை ஊரறிஞ்சது. அதை ஒரு தனி மனுஷனோட கிறுக்குத்தனம்னு நினைச்சுடாதீங்க. கோயமுத்தூரே அப்படித்தான் படிச்சது.

அதுக்கப்புறம் வந்தது கூட்டு ஒப்பந்தக் காலம். 1962-ல லக்ஷ்மி மெஷின் ஒர்க்ஸ். சுவிட்சர்லாந்தோட ரீட்டர் கம்பெனியின் தொழில்நுட்பத்துல நூற்பு மெஷின்களை இங்கேயே செஞ்சாங்க. ஆயிரக்கணக்கான பாகங்களை ஒரே அளவுல கடையணும்னா நல்ல மெஷின் டூல் வேணும். 1988-ல அதே கம்பெனி ஜப்பானோட மோரி செய்க்கியோட சேர்ந்து சிஎன்சி மெஷின் செய்யத் தொடங்குச்சு. ஸ்டேன்ஸ் மில் தொடங்கி சரியா 100 வருஷம். உடைஞ்ச கியரை வார்த்த ஊரு, கியரைக் கடையற மெஷினையே செய்ய ஆரம்பிச்சது.

அஞ்சு ஆக்ஸிஸ்னா என்ன?

சாதாரண விஎம்சி மெஷினுக்கு மூணு அச்சு. எக்ஸ்னா இடம் வலம், ஒய்னா முன் பின், இசட்னா மேல் கீழ். ஒரு தட்டுல ஓட்டை போட, பள்ளம் வெட்ட இது போதும்.

இப்ப ஒரு டர்போ சார்ஜரோட இம்பெல்லரை நினைச்சுக்குங்க. வளைஞ்சு முறுக்கின இறக்கைகள், ஒண்ணுக்குள்ள ஒண்ணு நுழையற மாதிரி. மேல இருந்து நேரா இறங்கற டூல் அந்த இடுக்குக்குள்ள போகவே முடியாது. நம்ம ஊர் பம்பு இம்பெல்லரைப் பொதுவா ஃபவுண்டரியில வார்த்துடறோம், அங்க இந்தப் பிரச்சினை இல்லை. டைட்டானியம் கட்டியில இருந்து நேரா வெட்டி எடுக்கணும்னா, வேலையையோ டூலையோ சாய்ச்சுத் திருப்பணும். அதுக்குத்தான் சுழல்ற ரெண்டு அச்சு கூடுதலா வருது.

இன்னொரு லாபமும் உண்டு. மூணு அச்சு மெஷின்ல ஒரு பக்கம் முடிஞ்சதும் கிளாம்பைக் கழட்டி, திருப்பிப் போட்டு, டயல் வெச்சு மறுபடியும் செட்டிங் பண்ணணும். ஒவ்வொரு தடவையும் சில மைக்ரான் தவறு சேரும். நம்ம தலைமுடி சுமார் 70 மைக்ரான்னா அந்த அளவைப் புரிஞ்சுக்கலாம். அஞ்சு அச்சுல ஒரே செட்டிங்ல பல பக்கமும் முடிஞ்சுடும்.

இதுலயும் ரெண்டு வகை. மேசையைச் சாய்ச்சு, பூட்டி, அப்புறம் வெட்டறது ஒண்ணு. பட்டறையில இதை மூணு ப்ளஸ் ரெண்டும்பாங்க. அஞ்சு அச்சும் ஒரே நேரத்துல அசைஞ்சுக்கிட்டே வெட்டறது இன்னொண்ணு. கஷ்டம் ரெண்டாவதுலதான். மேசை திரும்பத் திரும்ப, வெட்ட வேண்டிய புள்ளியும் காத்துல நகர்ந்துக்கிட்டே இருக்கும். டூல் முனை அந்தப் புள்ளியை விடாம இருக்க, மத்த அச்சுகள் எங்க போகணும்னு விநாடிக்கு நூத்துக்கணக்கான தடவை கணக்குப் போடணும். ஃபானுக் கன்ட்ரோலர்ல ஜி43.4, சீமென்ஸ்ல டிராஓரி. ஆப்பரேட்டர் டைப் பண்றது அந்த ஒத்தை வரிதான், கணக்கு மொத்தமும் அதுக்குப் பின்னாடி.

சாஃப்ட்வேர் எழுதறவனா எனக்கு இதுதான் சுவாரசியம். இரும்பு, ஸ்பிண்டில், மேசை எல்லாம் கண்ணுக்குத் தெரியும். மெஷினோட உயிர் கன்ட்ரோலருக்குள்ள இருக்கு.

ரேடியோவை உடைச்ச கதை

இந்தத் தொழில்நுட்பம் ராணுவக் காசுல பிறந்தது. அமெரிக்காவுல ஹெலிகாப்டர் இறக்கை செஞ்சுக்கிட்டிருந்த ஜான் பார்சன்ஸ், வளைவைப் புள்ளி புள்ளியாக் கணக்குப் போட்டு வெட்ட முயற்சி பண்ணார். 1949-ல விமானப்படை பணம் கொடுத்தது. 1952-ல எம்ஐடியில ஓட்டை போட்ட நாடாவை வெச்சு மூணு அச்சு மெஷினை ஓட்டிக் காட்டினாங்க. ஜப்பான்ல ஃபுஜிட்சு கம்பெனிக்குள்ள செய்யுவெமான் இனாபா தலைமையில 1956-ல இதே வேலை தொடங்குச்சு. 1972-ல தனியாப் பிரிஞ்சு ஃபானுக் ஆச்சு.

அப்புறம்தான் பெரிய ரகளை. 1980-களோட தொடக்கத்துல தோஷிபா மெஷின் கம்பெனி, ஒன்பது அச்சு மெஷின்களை லெனின்கிராட் கப்பல் தளத்துக்கு வித்தது. கன்ட்ரோலர் நார்வேயோட கோங்ஸ்பெர்க். சத்தம் குறைஞ்ச நீர்மூழ்கிக் கப்பல் ப்ரொப்பெல்லரைச் செய்ய அது உதவும்ங்கிறதால அந்த விற்பனைக்குத் தடை இருந்தது. தகவல் 1987-ல வெளியே வந்ததும், அமெரிக்க எம்பிக்கள் நாடாளுமன்றப் புல்வெளியில ஒரு தோஷிபா ரேடியோவைச் சம்மட்டியால உடைச்சாங்க. அந்த மெஷின் வர்றதுக்கு முன்னாடியே சோவியத் நீர்மூழ்கிகள் அமைதியாகத் தொடங்கிடுச்சுன்னு வாதாடினவங்களும் உண்டு. ஆனா முடிவு மாறல. பல அச்சு மெஷின் ஆயுதத்துக்குச் சமமான பொருளாச்சு.

அந்தக் கட்டுப்பாடு இன்னைக்கு வாசனார் உடன்பாடுங்கிற பேர்ல தொடருது. 2017 டிசம்பர்ல இந்தியாவும் அதுல சேர்ந்தது. சேர்ந்தாலும், எந்த மெஷினை யாருக்கு விக்கலாம்ங்கிற முடிவு விக்கிற நாட்டு அரசு கையில.

எடைக்கு வாங்க முடியாத மெஷின்

இதோட விளைவு பட்டறை வரைக்கும் வருது. சில கன்ட்ரோலர்களுக்கு ஏற்றுமதிக்குன்னே ஒரு வகை இருக்கு. அஞ்சு அச்சு இருக்கும், ஆனா ஒரே நேரத்துல நாலுதான் சேர்ந்து அசையும். மோட்டார்ல குறையில்லை, தடுக்கிறது சாஃப்ட்வேர். இன்னும் சில மெஷின்களுக்குள்ள இடமாற்றத்தைக் கண்டுபிடிக்கிற கருவி இருக்கு. ஷெட்டை மாத்தினீங்கன்னா மெஷின் பூட்டிக்கும். கம்பெனி ஆள் வந்து சரிபார்த்துத் திறந்துவிட்டாத்தான் மறுபடி ஓடும்.

இதை உக்கடத்தோட வெச்சுப் பாருங்க. நம்ம ஊர்ல எத்தனையோ பட்டறை பழைய லேத்ல தொடங்கினது. லேத் கை மாறும், லாரியில ஏறும், ஊர் விட்டு ஊர் போகும். பெட்டைத் தேய்ச்சு, பேரிங் மாத்தி, புது சக் மாட்டினா அது இன்னொரு குடும்பத்துக்குச் சோறு போடும். கூடவே வாங்கினவருக்குத் தொழிலும் கத்துக் கொடுக்கும். பூட்டிக்கிற மெஷின் வேலையைக் கொடுக்கும், அறிவைக் கொடுக்காது. உள்ளே என்ன நடக்குதுன்னு பார்க்கிற உரிமையே வாங்கினவருக்கு இல்லை.

தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தோட அஞ்சு மையங்கள்ல கோயமுத்தூரும் ஒண்ணு. விமான பாகம், விண்வெளி பாகம்னு ஆர்டர் வர்ற பக்கம் போகணும்னா இந்த மெஷின் இல்லாம முடியாது. வாங்கணும், தவணை கட்டணும், ஓட்டணும். அதுல தப்பில்லைங்க. ஆனா வாங்கி ஓட்டறதோட நின்னா நாம ஆப்பரேட்டர் ஊராவே இருந்துடுவோம்.

நம்பிக்கை தர்ற உதாரணங்கள் உண்டு. ராஜ்கோட்டோட ஜோதி சிஎன்சி 2007-ல ஹியூரான்ங்கிற பிரெஞ்சுக் கம்பெனியையே வாங்கி, அஞ்சு அச்சு அனுபவத்தைக் கையில எடுத்தது. இன்னொரு வழிக்குக் காசே வேணாம். அமெரிக்க அரசோட நிஸ்ட் ஆய்வகத்துல 1990-கள்ல பிறந்து, இன்னைக்கு லினக்ஸ்சிஎன்சின்னு இலவசமாக் கிடைக்கிற கன்ட்ரோலர் மென்பொருள் ஒண்ணு இருக்கு. ஒன்பது அச்சு வரைக்கும் ஓட்டும். ஃபானுக் அளவுக்குப் பட்டறை அனுபவம் அதுக்கு இருக்குன்னு சொல்லமாட்டேன். ஆனா ஒவ்வொரு வரியையும் திறந்து படிக்கலாம். நாயுடு மோட்டார் சைக்கிளைப் பிரிச்சுப் போட்ட மாதிரி பிரிச்சுப் போடலாம்.

சரவணம்பட்டி பக்கம் கோடு எழுதறவங்க ஆயிரக்கணக்குல இருக்கோம். சிட்கோவுல மைக்ரானை விரல் நுனியில உணர்றவங்க இருக்காங்க. ஒரே ஊர்ல இருந்தும் இந்த ரெண்டு கூட்டமும் சேர்ந்து டீ குடிச்சதே கம்மி. உக்கடத்துல ஒரு பழைய மில்லிங் மெஷினை எடைக்கு வாங்கி, நாலு மோட்டார் மாட்டி, அந்த மென்பொருளை ஏத்திப் பார்க்க பெரிய முதலீடு வேண்டியதில்லை. யாராவது ஏற்கெனவே பண்ணிக்கிட்டிருந்தா எங்களுக்கு எழுதுங்க, அடுத்த எபிசோட்ல உங்க பட்டறையில இருந்தே பேசலாம். வரட்டுங்களா?