சில்லின் வழி வந்த ஊசி

விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறை வாசலில் முதலில் காலில் தட்டுப்படுவது சில்லுதான். உள்ளே, பிளாஸ்டர் அச்சைப் பிரித்தெடுத்த பொம்மையின் ஓரத்துப் பிசிறைக் கத்தியால் சீவி, ஈரப் பஞ்சால் துடைக்கிறார் ஒரு பெண். களிமண் இறுகுவதற்குள் முடிக்க வேண்டும், நிமிர நேரமில்லை. எழுந்திருக்கும்போது கை தானாக இடுப்புக்குப் போகிறது. (ஊரின் பழைய பெயர் திருமுதுகுன்றம். அதற்குள் 'முதுகு' ஒளிந்திருப்பது எழுத்தின் குறும்பு. பொருள் பழைய மலைதான்.)

அந்தப் பெண்ணின் முதுகுக்குச் சொல்லப்படும் அக்குபங்சர் ஊசிக்கும் சில்லுக்கும் உறவுண்டு. தென்சீனத்துக் குவாங்சியில் சுவாங் மக்கள் உடைந்த மண்பாண்டச் சில்லால் தோலைக் குத்தி வைத்தியம் பார்த்தார்கள். அரண்மனைக்குள் போனதும் ஊசி பொன்னானது: கி.மு. 113-ல் புதைக்கப்பட்ட இளவரசர் லியூ ஷெங்கின் கல்லறையை 1968-ல் திறந்தபோது தங்க ஊசியும் வெள்ளி ஊசியும் கிடைத்தன. ஜப்பானில் வேலைபார்த்த டச்சுக் கம்பெனி மருத்துவர் வில்லெம் டென் ரைனே 1683-ல் லத்தீனில் எழுதி இந்த வைத்தியத்தை ஐரோப்பாவுக்கு அறிமுகப்படுத்தினார். இந்தியாவுக்குக் கொண்டுவந்தவர் பி.கே. பாசு. 1938-ல் சக மருத்துவர் கோட்னிஸோடு சீனப் போர்முனைக்குப் போனவர். 1950களின் இறுதியில் மறுபடி போய்க் கற்று வந்து கல்கத்தாவில் தொடங்கினார். மத்திய அரசு இதைத் தனி மருத்துவ முறையாக ஏற்க 2019 ஆனது.

இன்றைய ஊசி சுமார் கால் மில்லிமீட்டர் தடிமனுள்ள எஃகுக் கம்பி. துளை கிடையாது, மருந்தும் கிடையாது. முதுகெலும்பின் இருபுறமும் பண்டைச் சீன மருத்துவர் ஹுவா டுவோ பெயரில் 17 ஜோடிப் புள்ளிகள். முள்ளெலும்புகள் ஒன்றையொன்று பூட்டிக்கொள்ளும் சிறு மூட்டுகள் அந்த வரிசைக்கு அடியில்தான் இருக்கின்றன. ஆனால் ஊசி மூட்டுக்குள் போவதில்லை, தசையோடு நின்றுவிடும்.

பலிக்கிறதா? 2007-ல் வெளியான ஜெர்மன் ஆய்வில் நாள்பட்ட இடுப்புவலிக்காரர்கள் 1,162 பேர். ஆறு மாதம் கழித்து, முறைப்படி குத்திக்கொண்டவர்களில் 47.6 சதவீதத்தினருக்கு நிவாரணம். புள்ளியில்லாத இடத்தில் மேலாகக் குத்தப்பட்டவர்களுக்கு 44.2. மாத்திரை, உடற்பயிற்சி என்று வழக்கமான சிகிச்சை பெற்றவர்களுக்கு 27.4 மட்டுமே. புள்ளி வரைபடத்தை மனப்பாடம் செய்தவர்களுக்கு இது கசக்கும். எனக்கென்னவோ, ஒருவர் தொட்டுப் பார்த்துக் கேட்டு, அரை மணி நேரம் குப்புறப் படுக்கவைப்பதற்கே பாதிப் பலன் இருக்கும் என்று தோன்றுகிறது. பிரிட்டனின் சிகிச்சை வழிகாட்டி அமைப்பான நைஸ் 2016-ல் இடுப்புவலிக்கு இதை வேண்டாம் என்றது. உலக சுகாதார நிறுவனம் 2023-ல் நிபந்தனையோடு சரி என்றது. கால் மரத்துப்போனாலோ சிறுநீர் கட்டுப்படாமல் போனாலோ ஊசியைத் தேடக்கூடாது, ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

சில்லு பட்டறை வாசலிலேயே கிடக்கலாம். ஊசி அப்படியில்லை, ஒருமுறை குத்தியதும் துளைபடாத வெள்ளை டப்பாவுக்குள் போய்விட வேண்டும்.