ஒத்துச் சுருதியைத் தேடி: தொடர் ஈர்ப்பலை ஆய்வின் அரை நூற்றாண்டு

2015 செப்டம்பர் 14 அன்று அமெரிக்காவின் லைகோ கருவி பதிவு செய்த முதல் ஈர்ப்பலை ஒரு நொடிகூட நீடிக்கவில்லை. அதன்பின் லைகோ வகைக் கருவிகளில் பதிவானவை எல்லாமே அப்படி வந்து மறைந்தவைதாம். ஆனால் இதற்கு நெடுநாள் முன்பே தொடங்கிய இன்னொரு தேடல் உண்டு. தவிலின் அடி எழுந்து அடங்கும். நாகஸ்வரத்துக்குத் துணைநிற்கும் ஒத்து ஒரே சுருதியை விடாமல் பிடித்திருக்கும். சுழலும் நியூட்ரான் விண்மீனிடமிருந்து எதிர்பார்க்கப்படுவது அந்த ஒத்துப் போன்ற அலை.

அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. தன் அச்சைச் சுற்றிச் சமச்சீராக உருண்டிருக்கும் விண்மீன் எவ்வளவு விரைந்து சுழன்றாலும் ஈர்ப்பலை எழாது. எங்கேனும் ஒரு மேடு வேண்டும். அந்த மேடு ஒரு சுற்று முடிப்பதற்குள் அலை இருமுறை அதிரும்.

1967இல் ஜோஸ்லின் பெல் கேம்பிரிட்ஜில் முதல் துடிவிண்மீனை, அதாவது சீரான துடிப்புகளாகத் தென்படும் சுழல் நியூட்ரான் விண்மீனை, கண்டார். அடுத்த ஆண்டே நண்டு நெபுலாவின் நடுவில், நொடிக்கு ஏறத்தாழ 30 முறை சுழலும் ஒன்று தென்பட்டது. அதன் ஈர்ப்பலை 60 ஹெர்ட்ஸை ஒட்டி இருக்க வேண்டும். ஈர்ப்பலையைத் தேட ஜோசப் வெபர் அமைத்த புகழ்பெற்ற அலுமினிய உருளைகள் 1660 ஹெர்ட்ஸில் அதிர்பவை, இதற்கு உதவாதவை. டோக்கியோவில் ஹிரகவா குழுவினர் 1970களில் 60.2 ஹெர்ட்ஸுக்கென்றே ஓர் அலுமினிய ஏற்பியைச் செய்து, நண்டுத் துடிவிண்மீனை நோக்கிக் காத்திருந்தனர். அலை கிடைக்கவில்லை. ஆயினும் ஒரு குறிப்பிட்ட விண்மீனின் சுருதிக்கே கருவியைச் சேர்த்த அந்த முயற்சியைத்தான் இத்துறையின் உண்மையான தொடக்கமாக நான் கொள்வேன்.

கோட்பாடும் உடன் வளர்ந்தது. சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சந்திரசேகர், சுழலும் பாய்மப் பொருளை ஈர்ப்பலை உமிழ்வே நிலைகுலையச் செய்யக்கூடும் என 1970இல் காட்டினார். ஃபிரீட்மனும் ஷுட்ஸும் அதை விரிவாக்கினர். மேடு இல்லாத விண்மீனும் அலை எழுப்பலாம் என்னும் வழி அதனால் திறந்தது.

பெரிய இடர் கணக்கீட்டில்தான் இருந்தது. பூமி நொடிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் சூரியனைச் சுற்றுவதால், 60 ஹெர்ட்ஸ் அலை ஆண்டுக்குள் 0.006 ஹெர்ட்ஸ் ஏறி இறங்கும். சிறு அளவாகத் தோன்றும். ஆனால் ஓராண்டுத் தரவு பிரித்தறியும் நுண்மையோ ஹெர்ட்ஸில் சுமார் மூன்று கோடியில் ஒரு பங்கு. விண்மீனின் திசை தெரிந்தால் இந்த அசைவைத் திருத்திவிடலாம். தெரியாவிட்டால் வானத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் தனித்தனியே திருத்திப் பார்த்தாக வேண்டும். யரானோவ்ஸ்கி, க்ரூலக், ஷுட்ஸ் ஆகியோர் 1998இல் வகுத்த புள்ளியியல் முறை இதற்கு அடித்தளமானது. 2005இல் தொடங்கிய ஐன்ஸ்டைன்@ஹோம் திட்டம், ஆர்வலர்களின் வீட்டுக் கணினிகள் ஓய்ந்திருக்கும் நேரத்தை இப்பணிக்குத் திருப்பியது.

லைகோவின் முறை வந்தபோது நண்டுத் துடிவிண்மீனின் சுழற்சி மெல்லத் தளர்ந்து, அதனிடம் எதிர்பார்க்கப்பட்ட அலை 59.5 ஹெர்ட்ஸை நெருங்கியிருந்தது. அமெரிக்க மின்சாரத்தின் 60 ஹெர்ட்ஸ் இரைச்சல் பக்கத்திலேயே நின்றது. அந்த நெருக்கத்திலும் 2008இல் ஒரு முடிவு வந்தது: சுழற்சி தளர்வதால் இழக்கும் ஆற்றலில் 4 விழுக்காட்டுக்கு மேல் ஈர்ப்பலையாகப் போவதில்லை. பின்னர் அந்த வரம்பு ஏறத்தாழப் பத்தாயிரத்தில் ஒரு பங்காகச் சுருங்கியது. 2020இல் வெளியான ஆய்வு, ஜே0711-6830 என்னும் மில்லிநொடித் துடிவிண்மீனின் நடுவரைக் கோட்டுச் சிதைவு பத்துக் கோடியில் ஒரு பங்குக்கும் குறைவு என்றது. சுமார் 20 கிலோமீட்டர் அகலமுள்ள அந்த உருண்டையில் மேடு இருந்தாலும் அது தலைமுடியின் தடிமனைத் தாண்டாது.

இவற்றைத் தோல்விகள் என்று எழுதுவோர் உண்டு, நான் உடன்படவில்லை. தொலைநோக்கியால் காண இயலாத ஒரு மேற்பரப்பின் வழவழப்பை, வராத அலையைக் கொண்டே அளந்திருக்கிறார்கள். 2023 மே மாதம் தொடங்கிய லைகோவின் நான்காம் நோக்குகட்டத் தரவுகளிலும் இத்தேடல் தொடர்கிறது. நியூட்ரான் விண்மீனின் தொடர் ஈர்ப்பலை இன்னும் பிடிபடவில்லை.