எஃகுக் கவை எண்ணிய ஒலி

இயற்பியல் துறையின் பொன்விழா மலருக்கு எழுதுமாறு விழாக் குழுவினர் அன்புடன் பணித்தனர். துறையின் வரலாறு இம்மலரைப் பிரிக்கும் எல்லோரும் அறிந்ததே. ஆகவே, நம் மாணவர் ஒவ்வொருவரும் ரப்பர் கட்டையில் தட்டிப் பார்த்திருக்கும் இசைக்கவையைப் பற்றி எழுதுகிறேன். இறைவனையே ஒலி வடிவாகக் கண்டு பாடினார் நாவுக்கரசர். அந்த ஒலியை எண்ணி அறிய முனைந்தவர்களின் உழைப்பையும் வழிபாடாகவே கருதுகிறேன்.

லண்டன் அரசவையின் எக்காளக் கலைஞர் ஜான் ஷோர் 1711-இல் உருவாக்கிய சுருதிக் கருவி இது. நூறாண்டுக்கு மேல் இசைவாணர் கையிலேயே இருந்த அதை அளவுகோலாக உயர்த்தியவர், ஜெர்மனியின் கிரெஃபெல்டு நகரத்துப் பட்டு உற்பத்தியாளர் யோகான் ஷைப்ளர். 1834-இல் அவர் வெளியிட்ட முறையை வகுப்பில் விளக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கும். மொத்தம் 56 கவைகள். முதலாவதற்கும் கடைசிக்கும் இடையே சரியாக ஒரு ஸ்தாயி. அடுத்தடுத்த இரண்டைச் சேர்த்து ஒலித்தால் நொடிக்கு 4 விம்மல்கள் கேட்க வேண்டும். கிளையின் நுனியை அராவினால் சுருதி ஏறும், அடியை அராவினால் இறங்கும். அப்படி அராவி அராவியே வரிசையை அமைத்தார். இடைவெளிகள் 55, ஒவ்வொன்றும் 4, ஆக வேறுபாடு 220. ஸ்தாயி ஏறினால் அதிர்வெண் இரட்டிக்கும். எனவே கீழ்க் கவைக்கு 220, மேற்கவைக்கு 440. கண்ணுக்கு எட்டாத அதிர்வைக் காதும் கடிகாரமும் கொண்டே எண்ணி முடித்துவிட்டார்! இதற்கு நிகரான எளிய கணக்கு பௌதிகத்தில் அரிது.

அடுத்துப் போற்ற வேண்டியவர் ருடால்ஃப் கோனிக். 1851-இல் பாரிஸுக்கு வந்து, புகழ்பெற்ற வயலின் கைவினைஞர் வியோமிடம் தொழில் பயின்று, 1858-இல் தனிப் பட்டறை தொடங்கினார். தம் கவைகளில் பெயரின் முதலெழுத்துகளைப் பொறித்தார். 1876-இல் ஃபிலடெல்ஃபியா கண்காட்சியில் அவர் வைத்த அளவைத் தொகுதியில் 600-க்கும் மேற்பட்ட கவைகள் இருந்தன. ஒரு டிகிரி செல்சியஸ் சூடு ஏறினால் கவையின் அதிர்வெண் ஏறத்தாழ 9,000-இல் ஒரு பங்கு குறைகிறது என்பதையும் அளந்து சொன்னார். 1879-இல் மைக்கேல்சன் ஒளியின் வேகத்தை அளந்தபோது, சுழலும் கண்ணாடியின் வேகத்தைச் சரிபார்க்க உதவியதும் மின்சாரத்தால் இயங்கிய ஓர் இசைக்கவையே.

இன்றைய மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அலைபேசிச் செயலி எண்ணைக் காட்டுமுன், இரண்டு கவைகளை எடுத்து ஒன்றின் கிளையில் சிறிது மெழுகு ஒட்டி, விம்மல்களை நீங்களே எண்ணுங்கள். நான்கு பேர் எண்ணி நான்கும் ஒத்துவரும்வரை விடாதீர்கள்.

திருவானைக்காவலில் பிறந்த சர் சி. வி. ராமனும் கவையைக் கொண்டு ஒலியை ஆராய்ந்த இந்த மரபில் வந்தவரே. ஹெல்ம்ஹோல்ட்ஸின் ஒலி நூல் தம்மை ஆட்கொண்டதை அவரே சொல்லியிருக்கிறார். நிதித்துறை அலுவலராகக் கல்கத்தாவில் இருந்த காலத்தில், அலுவலக நேரம் போக எஞ்சிய பொழுதை பௌபஜார் தெருவின் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் கவையோடும் நூலோடும் கழித்தார். கவையின் கிளை நூலின் நீளவாக்கில் அசைந்தால், நூல் கவையின் பாதி அதிர்வெண்ணில் ஆடும். இது மெல்டே கண்டது. இழுவிசையைத் தக்கபடி மாற்றினால் அந்தப் பாதியின் முழு மடங்குகளிலும் நூலை ஆட வைக்கலாம் என்று ராமன் காட்டினார். அந்த ஆய்வுகளைக் கழகம் 1912-இல் தன் வெளியீடாகவே அச்சிட்டது.