பார்த்ததைச் சொல்ல 25 வருஷம்: ஒரு கப்பல் டாக்டரின் கதை

 

மருத்துவ நெறிமுறையில் "இரட்டை விசுவாசம்" என்று ஒரு தலைப்பு உண்டு. ராணுவ டாக்டர், சிறை டாக்டர், கம்பெனி டாக்டர் இவர்களுக்கெல்லாம் வரும் சிக்கல் அது. சம்பளம் கொடுப்பவர் ஒருவர். எதிரே படுத்திருக்கும் நோயாளி இன்னொருவர். இரண்டு பேருடைய நலனும் மோதும்போது டாக்டர் யார் பக்கம் நிற்பார்?

இந்தக் கேள்வியைக் கிட்டத்தட்ட 30 வருஷம் சுமந்த ஒருவரைப் பற்றித்தான் இன்று சொல்லப்போகிறேன். பெயர் ஜேம்ஸ் ராம்சே. டாக்டர், பாதிரியார், பிரிட்டிஷ் கடற்படைக்காரர், எல்லாம் அவரே.

1733-இல் ஸ்காட்லாந்தின் ஃப்ரேசர்பர்க் என்ற கடற்கரை ஊரில் பிறந்தவர். அறுவை மருத்துவம் படித்துவிட்டு 1757-இல் கடற்படையில் சேர்ந்தார். 'ஆரண்டேல்' என்ற போர்க்கப்பலில் வேலை. கேப்டன் பெயர் சார்லஸ் மிடில்டன். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருவார்.

அப்போது பிரிட்டனுக்கும் பிரான்ஸுக்கும் ஏழாண்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. மேற்கிந்தியத் தீவுகளில் பிரிட்டிஷ் கடற்படைக்கு என்ன வேலை என்று கேட்கிறீர்களா? சர்க்கரை. அந்தச் சின்னத் தீவுகளில் விளைந்த கரும்புதான் அன்றைக்கு ஐரோப்பாவின் தங்கச் சுரங்கம். அந்தக் கரும்பை வெட்டியவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்ட அடிமைகள். ஆக, ஆரண்டேல் கப்பலில் இருந்த ஒவ்வொருவரும், நம்ம டாக்டர் உட்பட, அந்த ஏற்பாட்டுக்குக் காவல்காரர்கள்தான்.

1759 நவம்பர். ஆரண்டேல் கப்பல், 'ஸ்விஃப்ட்' என்ற அடிமைக் கப்பலைக் கடலில் வழிமறித்தது. உள்ளே கொள்ளைநோய். ரத்த சீதபேதி. ராம்சே ஏறிப் போனார்.

கப்பலின் அடித்தட்டில் 100-க்கும் மேற்பட்ட மனிதர்கள் ரத்தத்திலும் மலத்திலும் கிடந்தார்கள்.

சீதபேதி ஏன் அடிமைக் கப்பல்களில் அப்படிப் பரவியது என்று ஒரு டாக்டராகச் சொல்கிறேன். நிமிர்ந்து உட்காரக்கூட உயரம் இல்லாத தட்டு. ஆண்களை இரண்டிரண்டு பேராகச் சேர்த்து விலங்கு போட்டிருப்பார்கள். மலம் கழிக்கத் தொட்டி ஒரு மூலையில். ஒருவருக்கு வயிறு கலக்கினால், கூடக் கட்டப்பட்டவரையும் இழுத்துக்கொண்டு, படுத்திருப்பவர்களை மிதித்துக்கொண்டுதான் அதுவரை போகணும். முடியாதவர்கள் படுத்த இடத்திலேயே. ஒருவர் வயிற்றில் இருக்கும் கிருமி ஒரு வாரத்தில் தட்டு முழுக்கப் பரவ வேறென்ன வேண்டும்? கிருமி என்ற ஒன்று நோயைக் கொண்டுவருகிறது என்பதே அன்றைய மருத்துவத்துக்குத் தெரியாது. இழந்த நீரையும் உப்பையும் உடம்புக்குத் திருப்பிக் கொடுக்கும் வைத்தியமும் அப்போது வரவில்லை.

ராம்சே தன்னால் முடிந்ததைச் செய்துவிட்டுத் தன் கப்பலுக்குத் திரும்பினார். திரும்பி ஏறும்போது விழுந்து தொடை எலும்பு முறிந்தது. மயக்க மருந்தும் எக்ஸ்ரேயும் இல்லாத காலம். சாகும்வரை நொண்டித்தான் நடந்தார். கப்பல் வேலை முடிந்தது.

1761-இல் லண்டனில் குருப்பட்டம் வாங்கினார். அடுத்த வருஷம் எங்கே போனார் தெரியுமா? செயின்ட் கிட்ஸ் தீவுக்கு. கரும்பும் அடிமைகளும் நிறைந்த அதே மேற்கிந்தியத் தீவுகளுக்கு. ஒரு பக்கம் தேவாலயப் பொறுப்பு, இன்னொரு பக்கம் தோட்டங்களுக்கு டாக்டர் வேலை.

இங்கேதான் அந்த இரட்டை விசுவாசம் முழுசாக வருகிறது.

தோட்டத்தில் விடிகாலை 4 மணிக்கு மணி அடிக்கும். நாள் முழுக்கக் கரும்புக் காட்டில் வேலை. முடிந்து வந்தால், மாடு குதிரைகளுக்குப் புல் பிடுங்கிக் கட்டிக்கொண்டு வரணும். புல் குறைந்தால் சவுக்கு. ஆலை உருளையில் கை சிக்கி நசுங்கியவர்கள், கொதிக்கும் பாகில் வெந்தவர்கள், முதுகுத் தோல் கிழிந்தவர்கள், பட்டினியில் வற்றியவர்கள் எல்லாரும் டாக்டரிடம் வருவார்கள். டாக்டர் புண்ணைக் கட்டி, காய்ச்சலைத் தணித்து, ஆளைத் தேற்றுவார். தேறியதும் அந்த ஆள் எங்கே போவார்? அதே காட்டுக்கு. அதே சவுக்குக்கு. டாக்டருக்குப் பணம் கொடுப்பவர், சவுக்குக்குச் சொந்தக்காரர்.

நோயாளி குணமாவதில் இருவருக்குமே அக்கறைதான். ஆனால் முதலாளிக்கு அது ரிப்பேர் செலவு. யோசிச்சுப் பாருங்க, அந்த இடத்தில் டாக்டர் செய்யும் நல்ல வைத்தியம் யாருக்கு உதவுகிறது?

ராம்சே ஒன்றும் வானத்திலிருந்து இறங்கியவர் இல்லை. 1763-இல் தோட்ட முதலாளி குடும்பத்துப் பெண்ணான ரெபேக்கா ஏக்கர்ஸைக் கல்யாணம் செய்தார். அவர் வீட்டிலேயே அடிமைகள் இருந்தார்கள். அவருடைய சபை மக்கள், சொந்தக்காரர்கள், சாப்பாட்டு மேசையில் எதிரே உட்காருபவர்கள் எல்லாருமே முதலாளிகள். இதை மறைத்துவிட்டு அவரைப் புனிதராக்கினால் இந்தக் கதைக்கே அர்த்தம் இல்லாமல் போய்விடும்.

ஆனாலும் அவர் ஒரு காரியம் செய்தார். அடிமைகளைக் கோயிலுக்குள் கூப்பிட்டார். அவர்களுக்கு வேதம் சொல்லிக்கொடுக்க முயன்றார். அவர்களுக்காகச் சபையில் ஜெபித்தார்.

இதில் என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். முதலாளிகளுக்கு இது நெருப்பு. ஞானஸ்நானம் பெற்றவன் சகோதரன் ஆகிவிடுவான். சகோதரனை எப்படி ஏலம் போடுவது? "ஞானஸ்நானத்தால் விடுதலை கிடைக்காது" என்று குடியேற்றங்களில் சட்டமே போட்டு வைத்திருந்தார்கள். அப்படியும் பயம் போகவில்லை. பலர் ராம்சேயின் கோயிலுக்கு வருவதை நிறுத்தினார்கள்.

திருச்சபை மட்டும் சுத்தமா? இங்கிலாந்துத் திருச்சபையின் சுவிசேஷச் சங்கத்துக்கே பார்படாஸ் தீவில் அடிமைகளோடு கரும்புத் தோட்டம் இருந்தது. பிரசங்கம் செய்த கையும் லாபம் வாங்கிய கையும் ஒன்றுதான்.

பல வருஷ வம்பு, வசை. 1777-இல் ராம்சே தீவை விட்டுக் கிளம்பினார்.

அடுத்த வருஷம் மறுபடி போர். அமெரிக்கக் குடியேற்றங்களின் விடுதலைப் போரில் பிரான்ஸும் இறங்கிவிட்டது. ராம்சே என்ன செய்தார்? கடற்படைப் பாதிரியாராக மறுபடி சேர்ந்து மேற்கிந்தியத் தீவுகளுக்கே போனார். முதலில் அட்மிரல் பாரிங்டன், பிறகு அட்மிரல் ராட்னி.

அடிமைமுறையை வெறுத்தவர், அதைக் காக்கும் கடற்படைக்கு ஏன் திரும்பினார்? அவருக்கு நாடும் ராஜாவும் கடற்படையும் சந்தேகத்துக்கு அப்பாற்பட்டவை. மனசாட்சி ஒரு பக்கம் இழுத்தது, சீருடை ஒரு பக்கம் இழுத்தது. இரண்டையும் அவர் விடவில்லை.

1781-இல் போர்க் கப்பலை விட்டு இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் டெஸ்டன் என்ற கிராமத்துக்குப் பங்குப் பாதிரியாராக வந்தார். அந்த வேலையைக் கொடுத்தது, பழைய கேப்டன் மிடில்டன் குடும்பம்தான். மிடில்டன் அப்போது கடற்படை நிர்வாகத்தில் மிகப் பெரிய பதவியில் இருந்தார். அவரும் அவர் மனைவியும் "பார்த்ததை எழுதுங்கள்" என்று ராம்சேயை வற்புறுத்தினார்கள்.

1784-இல் புத்தகம் வந்தது. பிரிட்டனின் சர்க்கரைத் தீவுகளில் ஆப்பிரிக்க அடிமைகளை நடத்தும் விதம் பற்றியும் அவர்களைக் கிறிஸ்தவர்களாக்குவது பற்றியும் ஒரு கட்டுரை. அந்த 4 மணி மணியோசை, அந்தப் புல்கட்டு, அந்தச் சவுக்கு எல்லாம் அதில் இருந்தன.

கணக்குப் போடுங்கள். ஸ்விஃப்ட் கப்பல் 1759. புத்தகம் 1784. பார்த்ததை அச்சில் சொல்ல 25 வருஷம்.

புத்தகம் வந்த நேரத்தைக் கவனிங்க. முந்தைய வருஷம்தான் பிரிட்டன் அமெரிக்காவை அதிகாரபூர்வமாக இழந்திருந்தது. மிச்சமிருந்த சொத்தில் சர்க்கரைத் தீவுகள்தான் முக்கியம். அந்த நேரத்தில் அதன்மேல் கை வைத்தால் சும்மா விடுவார்களா? நெவிஸ் தீவோடு தொடர்புள்ள ஜேம்ஸ் டோபின் என்பவர் மறுப்பு நூல் எழுதினார். "நீயும்தானே அடிமை வைத்திருந்தாய்" என்று ராம்சேயின் சொந்த வாழ்க்கையைத் தோண்டினார்கள். அந்த அடி பலமாக விழுந்தது, ஏனென்றால் அதில் உண்மை இருந்தது. ஆனால் அவர் வீட்டில் அடிமை இருந்தார் என்பதால், அவர் பார்த்த சவுக்கு பொய்யாகிவிடுமா?

இன்னொரு வாதம் "தேசபக்தி" வகை: அடிமை வணிகம்தான் கடற்படையின் பயிற்சிக்கூடம், அங்கே பழகிய மாலுமிகள்தான் போரில் நம்மைக் காப்பாற்றுகிறார்கள், அதை ஒழித்தால் நாடு பலவீனமாகும்.

1786-இல் டெஸ்டனுக்கு வந்து ராம்சேயைச் சந்தித்த தாமஸ் கிளார்க்சன் என்ற இளைஞர், இந்த வாதத்தைப் பெயர்ப்பட்டியல்களை வைத்தே உடைத்தார். துறைமுகம் துறைமுகமாகப் போய்க் கப்பல் பதிவேடுகளைப் பார்த்தார். அடிமைக் கப்பல்களில் மாலுமிகளே கொத்துக் கொத்தாகச் செத்திருந்தார்கள். பயிற்சிக்கூடம் என்று சொன்னது இடுகாடாக இருந்தது.

இந்தக் கட்டத்தில் இன்னொரு டாக்டரும் வருகிறார். அலெக்சாண்டர் ஃபால்கன்பிரிட்ஜ். அடிமைக் கப்பல்களிலேயே நாலு பயணம் டாக்டராகப் போனவர். அங்கே டாக்டருக்கு முதல் வேலை, வாங்கும்போது "சரக்கை"ச் சோதித்து, நோயாளிகளைக் கழித்துக்கட்டுவது. உயிரோடு விற்கப்படும் தலைக்கு இவ்வளவு என்று கமிஷனும் உண்டு. அவர் வெளியே வந்து 1788-இல் எல்லாவற்றையும் எழுதினார். அதே 1788-இல், ஒரு கப்பலில் இத்தனை பேருக்கு மேல் ஏற்றக்கூடாது, டாக்டர் கட்டாயம் வேண்டும் என்று டால்பென் சட்டம் வந்தது. சாவு 100-க்கு 2-க்குள் இருந்தால் கேப்டனுக்கு 100 பவுண்டும் டாக்டருக்கு 50 பவுண்டும் பரிசு.

டாக்டர் இருந்தால் போதும், கொடுமை நாகரிகமாகிவிடும் என்று நினைத்திருக்கிறார்கள். இன்றைக்கும் அப்படி நினைப்பவர்கள் உண்டு.

1789 மே 12. வில்லியம் வில்பர்ஃபோர்ஸ் நாடாளுமன்றத்தில் அடிமை வணிகத்தை எதிர்த்துத் தன் முதல் பெரிய உரையை ஆற்றினார். தொடர்ந்த விவாதத்தில் கிரிஸ்ப் மோலினியூ என்ற உறுப்பினர், செயின்ட் கிட்ஸில் தோட்டம் வைத்திருந்தவர், ராம்சேயைத் தாக்கிப் பேசினார். ஜூலை 20-இல் ராம்சே இறந்தார். வயிற்றில் ரத்தக்கசிவு. வயது 55. ராம்சேயைக் கொன்றது நான்தான் என்று மோலினியூ பெருமையாகக் கடிதம் எழுதினார்.

வணிகம் ஒழிவதை ராம்சே பார்க்கவில்லை. 1793-இல் பிரான்ஸோடு மறுபடி போர் மூண்டது. இப்போது அடிமைமுறையை எதிர்த்தாலே "பிரெஞ்சுப் புரட்சிக்காரன், தேசத்துரோகி" என்று முத்திரை. இயக்கம் வருஷக்கணக்கில் முடங்கியது.

முடிச்சை அவிழ்த்தவர், அதே செயின்ட் கிட்ஸில் வக்கீலாக இருந்த ஜேம்ஸ் ஸ்டீபன். எதிரியின் குடியேற்றங்களுக்குப் பிரிட்டிஷ் வணிகர்கள் அடிமைகளை விற்பது எதிரிக்கே பலம் இல்லையா என்று அவர் திருப்பிப் போட்டார். தேசபக்தி பேசியவர்களால் மறுக்க முடியவில்லை. 1806-இல் அந்தச் சட்டம் வந்து வணிகத்தின் பெரும்பகுதியை வெட்டியது. 1807-இல் முழு வணிகமும் சட்டப்படி ஒழிந்தது. அடிமைமுறையே ஒழிய 1834 ஆனது. நஷ்டஈடு 2 கோடி பவுண்டு, முதலாளிகளுக்கு. அடிமைகளாக இருந்தவர்களுக்கு ஒரு காசும் இல்லை.

கடைசியாக ஒருவரைச் சொல்லாமல் முடித்தால் தப்பு.

ராம்சே அந்த அடித்தட்டில் இறங்கிய அதே 1759-இல், அதே போரில், அதே பிரிட்டிஷ் கடற்படையில் ஒலாடா எக்குவியானோ என்ற ஒரு அடிமைச் சிறுவன் இருந்தான். ஒரு கடற்படை அதிகாரியின் உடைமை. பீரங்கிச் சண்டைக்கு நடுவே வெடிமருந்து சுமந்தான். லண்டனில் ஞானஸ்நானமும் பெற்றிருந்தான். போர் முடியும்போது விடுதலை கிடைக்கும் என்று நம்பினான். 1762-இல் அந்த அதிகாரி அவனை விற்றுவிட்டார். பிறகு தானே சிறுகச் சிறுகச் சேர்த்து 1766-இல் தன் விடுதலையை விலை கொடுத்து வாங்கினார்.

1788-இல் டோபினுக்கு எதிராக, ராம்சே எழுதியது உண்மைதான் என்று லண்டன் பத்திரிகையில் பகிரங்கக் கடிதம் எழுதியவர்களில் இந்த எக்குவியானோவும் ஒருவர். 1789-இல், ராம்சே இறந்த அதே வருஷம், தன் கதையைத் தானே புத்தகமாக எழுதி வெளியிட்டார்.

ராம்சே 25 வருஷம் தயங்கியதற்குக் காரணங்கள் உண்டு. குடும்பம், சம்பளம், சபை, நாடு. நம்மில் யாருக்கும் புரியாத காரணங்கள் இல்லை. ஆனால் அந்த 25 வருஷமும் தோட்டத்தில் 4 மணிக்கு மணி அடித்துக்கொண்டேதான் இருந்தது. கட்டுப்போட்டு அனுப்பியவர்கள் மறுபடி காயத்தோடு வந்துகொண்டேதான் இருந்தார்கள்.

அதனால்தான் இளம் டாக்டர்களுக்கும், வேறு வேலையில் இருக்கும் உங்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். ஒரே மாதிரிக் காயம் ஒரே இடத்திலிருந்து திரும்பத் திரும்ப வந்தால், கட்டுப்போடுவதோடு நிறுத்தாதீங்க. எங்கிருந்து வருகிறது என்று கேளுங்க. கேட்டதை எழுதி வையுங்க. முடிந்தால் 25 வருஷத்துக்கு முன்னாடியே சொல்லிடுங்க.