இங்கே டைப்ரைட்டர் எங்கே வந்தது?

இன்னைக்கு ஒரு எரர் மெசேஜோட வரலாறு.

பழைய யூனிக்ஸ்ல ஒரு புரோகிராமை ஓட்டி, அதோட வெளியீட்டை ஒரு ஃபைலுக்குத் திருப்பி விடுறீங்கன்னு வைங்க. கான்ஃபிக் ஃபைல்ல ஒரு வரி தப்பு. ஆனா அது சொல்றது: "நாட் எ டைப்ரைட்டர்". இது டைப்ரைட்டர் இல்லையாம்!

யூனிக்ஸ் 1969-ல் பெல் லேப்ஸ்ல பிறந்தது. கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிச்சியும் டைப் பண்ணினது டெலிடைப் மாடல் 33 மெஷின்ல. திரை கிடையாது, எல்லாமே பேப்பர்ல அச்சாகும். இன்னைக்கும் லினக்ஸ்ல இருக்கிற 'டிடிஒய்' அந்த டெலிடைப்போட மிச்சம்தான். டெர்மினல் மட்டுமே செய்யக்கூடிய வேலையை வேற எதுகிட்டயாவது கேட்டா, கெர்னல் ஒரு பிழை எண் தரும். லினக்ஸ்ல அது 25. அந்த எண்ணுக்கு எழுதின விளக்கம்தான் டைப்ரைட்டர் வாக்கியம்.

சரி, கான்ஃபிக் தப்புக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? ஒண்ணுமே இல்ல.

சி மொழியில 'எர்னோ'ன்னு ஒரு இடம் இருக்கு. அதை ஒரு சிலேட்டா நினைச்சுக்கோங்க. ஏதாவது தோத்தா, பிழை எண் அதுல எழுதப்படும். அடுத்த வேலை ஜெயிச்சாலும் பழைய எண்ணை யாரும் அழிக்க மாட்டாங்க. பிரின்ட்எஃப் முதல்முறை எழுதும்போது, "வெளியீடு டெர்மினலுக்கா போகுது?"ன்னு பல சிஸ்டம்கள்ல உள்ளுக்குள்ள ஒரு கேள்வி கேட்கும். ஃபைல்னா "இல்ல"ன்னு பதில் வரும், சிலேட்ல 25 விழும், அச்சடிக்கிற வேலையும் ஒழுங்கா முடியும். அப்புறம் கான்ஃபிக் தப்பைக் கண்டுபிடிச்ச கோடு, யோசிக்காம சிலேட்டைப் படிச்சுக் காட்டிடுது.

பின்னாடி அந்த வாசகத்தை மாத்தினாங்க: "இன்அப்ரோப்ரியேட் ஐஓசிடிஎல் ஃபார் டிவைஸ்". டைப்ரைட்டர் போயிடுச்சு, குழப்பம் போகல. பெர்ல் எழுதினவங்க இந்தப் புது வாசகத்தையும் சம்பந்தமே இல்லாத இடங்கள்ல பார்த்திருப்பாங்க. வார்த்தையை மட்டும் திருத்தி என்ன பிரயோஜனம்? ஒரு ஃபங்ஷன் "நான் தோத்துட்டேன்"னு சொன்ன உடனேதான் சிலேட்டைப் பார்க்கணும்.

சரியா திருத்தினதுக்கும் உதாரணம் இருக்கு. ஸ்கிரிப்ட் கண்ணு முன்னாடியே இருக்கும். ஓட்டினா "நோ சச் ஃபைல்". உண்மையில காணாம போனது, அதோட முதல் வரி கேட்கிற இன்டர்பிரெட்டர். கெர்னல் ரெண்டுக்கும் ஒரே எண்ணைத்தான் தருது. அதனால பாஷோட பல பதிப்புகள் தானே அந்த முதல் வரியைப் படிச்சு, "பேட் இன்டர்பிரெட்டர்"னு பேரோட சொல்லுது. கெர்னல் தராத தகவலைத் தேடி எடுத்துச் சொல்றதுதான் நிஜமான திருத்தம்.

தப்பான மெசேஜைப் படிக்கிற ஜூனியர், கருவியைச் சந்தேகப்பட மாட்டாங்க. "எனக்குத்தான் புரியல"ன்னு ராத்திரி முழுக்கத் தேடுவாங்க. நீங்க அடுத்த எரர் மெசேஜ் எழுதும்போது அவங்களை நினைச்சுக்கோங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.