அல்லிராணி கோட்டையும் கல்கிசை மாளிகையும்

இரத்தினபுரி மாவட்டத்துத் தோட்டப் பாடசாலையொன்றிற் பணிபுரியும் எமக்கு விடுமுறை என்றாற் கடல் என்பதே பொருள். மலையும் மழையும் இறப்பர் மரங்களும் ஆண்டு முழுவதும் கண்ணை நிறைக்கின்றமையால், சென்ற சித்திரை விடுமுறையில் யானும் என் மனைவியும் கல்கிசை தொடங்கி மன்னார்க் கரை வரை சென்று பழைய மாளிகைகளைக் கண்டு வருவதெனத் துணிந்தோம். எங்கள் மாவட்டத்திற் பழமனைகள் இல்லாமலில்லை. கொலொன்னைப் பகுதியில் மடுவன்வெல வளவு இருக்கின்றது. ஒரு காலத்தில் அதற்கு 121 அறைகள் இருந்தனவென்பர். இரத்தினபுரி நகரத்து எகலப்பொலை வளவு இன்று நூதனசாலையாக விளங்குகின்றது. இவை உள்நாட்டுப் பிரதானிகளின் மனைகள்; வயலையும் குடிகளையும் நோக்கி நிற்பவை. கடலை நோக்கி மாளிகை எடுத்தோர் வேறு இனத்தவர். அவர்கள் கடல்வழி வந்து, மீளவும் கடல்வழியே போக இருந்தவர்கள்.

கல்கிசையில் முதன்முதல் வீடெடுத்தவர் தேசாதிபதி தோமஸ் மெயிற்லண்ட். அவர் 1805 முதல் 1811 வரை இலங்கையை ஆண்டவர். அவர் லவினியா என்னும் நடனமாதின்மேற் காதல் கொண்டாரென்றும், அவள் பெயரையே அவ்விடத்துக்கு இட்டாரென்றும், அவள் வந்துபோக நிலத்தடிச் சுரங்கம் அமைத்தாரென்றும் அங்கு வருவோர்க்கெல்லாம் கதை சொல்லப்படுகின்றது. கடற்பறவையைக் குறிக்கும் சிங்களச் சொல்லே அப்பெயரின் மூலம் என்பாருமுளர். எங்களுக்கும் அக்கதை சுவைபடக் கூறப்பட்டது. என் மனைவி கணித ஆசிரியை. முழுவதையும் கேட்டு முடித்தபின், “இவ்வளவு பெரிய வீட்டுக்குப் பணம் எங்கிருந்து வந்தது?” என்று மட்டும் கேட்டாள். அதற்கு விடை சொல்வார் அங்கு ஒருவருமில்லை. இக்கட்டுரை அவ்வினாவின் பின்னே சென்றது என்க.

இன்று நாம் காணும் பெருமாளிகையின் உருவம் மெயிற்லண்டுக்கு உரியதன்று. எட்வேட் பார்ன்ஸ் என்னும் தேசாதிபதி 1820களில் விரித்துக் கட்டியதாகும். இலண்டனில் இருந்த மேலிடம் இவ்வாடம்பரத்தை விரும்பவில்லை. 1842இல் அம்மாளிகை விற்கப்பட்டது. கரையோரமாகப் புகையிரதப் பாதை வந்த காலத்தில், 1877இல், விடுதியாயிற்று. (கித்துள்கலையில் ஆற்றின்மேற் பாலங் கட்டி எடுக்கப்பட்ட 1957ஆம் ஆண்டுத் திரைப்படத்திலே வைத்தியசாலையாகத் தோன்றுவதும் இம்மாளிகையே. எங்கள் சப்பிரகமுவா மாகாணத்துக்கும் அதற்கும் உள்ள உறவென்று பலர் அறிந்தது இவ்வொன்றுதான்.)

ஆனால் மெய்யான உறவு அதனினும் ஆழமானது. கேகாலையூடாகக் கண்டிக்குச் செல்லும் பெருவீதியைச் சமைத்தவரும் இதே பார்ன்ஸ்தான். அம்பேபுசைத் தங்குமனையும் மாவனெல்லைப் பாலமும் அவ்வீதி வளர்ந்த காலத்தின் எச்சங்கள். 1832இல் அதன்மீது கொழும்பிலிருந்து கண்டிக்குத் தபால் வண்டி ஓடத் தொடங்கியது. பள்ளி நூல்கள் இவ்வீதியைப் பார்ன்ஸின் புகழாகவே கூறுகின்றன. காட்டையும் பாறையையும் வெட்டிய கைகளைப் பற்றி ஒரு வரியோடு அமைகின்றன. கண்டி அரசர் காலத்து இராசகாரியம் என்னும் கட்டாய ஊழியத்தை ஆங்கிலேயர் கைவிடவில்லை. அதனையே கூலியில்லாப் படையாக மாற்றிக் குடிகளை வீதிக்கு இழுத்தனர். நிலத்துக்கு ஈடாகச் செய்த பணி, நிலத்தோடு யாதொரு தொடர்புமில்லாத பணியாயிற்று. 1832இலேதான் அவ்வூழியம் நீக்கப்பட்டது.

பார்ன்ஸ் கன்னொறுவையிற் கோப்பி பயிரிட்டவருமாவர். வீதி இன்றிக் கோப்பி மலையிலிருந்து இறங்காது; கூலியாள் இன்றிக் கோப்பி விளையாது. ஊழியமும் நீங்கிற்று, சிங்களக் குடியானவர் தம் வயலை விட்டுத் தோட்டத்து நிரந்தரக் கூலிக்கு வர இசைந்திலர். ஆகவே தோட்டத்துரைமாரின் பார்வை பாக்குநீரிணைக்கு அப்பாற் சென்றது. இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களிலே தேயிலையும் இறப்பரும் ஓங்கியது பின்னாளிலென்றாலும், எம் முன்னோரை அழைத்த முதல் ஓலை இக்கோப்பிக் காலத்தில் எழுதப்பட்டதே. கல்கிசை மாடத்தில் நின்று கடலைப் பார்த்தபோது, இது விடுதி என்பதை மறந்து, எங்கள் தோட்டத்து இலயத்துக்கு இதுவும் ஒரு வாயில் என்றே எனக்குத் தோன்றியது.

கல்கிசையிலிருந்து வடக்கே மன்னார் மாவட்டத்து முருங்கனுக்குச் சென்றோம். அங்கு என் மனைவியின் சித்தப்பா வாழ்கின்றார். அவர் 1977ஆம் ஆண்டுக் கலவரத்தில் இரத்தினபுரித் தோட்டத்தை விட்டு வெளியேறி, வடக்கே வந்து காடு வெட்டிக் குடியேறியவர். அவரைப் போல் வந்தோர் வவுனியாப் பக்கத்திலும் பலருளர். அவரே எங்களை அரிப்புக்கு அழைத்துச் சென்றார்.

அரிப்பில் ஒல்லாந்தர் காவல்செய்த சிறு கோட்டையொன்று உண்டு. கண்டி அரசனிடம் ஏறத்தாழ இருபதாண்டு சிறைப்பட்டிருந்த றொபேட் நொக்ஸ் 1679இல் தப்பிவந்து சேர்ந்த இடம் அதுவே. அதனைக் கடந்து கடலோரஞ் சென்றால், செங்கல்லாலான பருத்த தூண்களோடு ஓர் இடிபாடு காணப்படும். ஊரார் அதனை அல்லிராணி கோட்டை என்பர். தெற்கேயுள்ள குதிரைமலையும் அல்லி அரசாணியின் ஊரென்றே வழங்கும். ரோமாபுரி ஆசிரியர் பிளினி கூறும் இப்புரோசு என்னும் துறை அக்குதிரைமலையே என்று கருதுவோர் பலர். ஆதலின் அக்கரையின் பழமை ஐயுறற்பாலதன்று. ஆனால் இவ்விடிபாட்டுக்கு அப்பழமை இல்லை. இது முதல் ஆங்கிலத் தேசாதிபதி பிரெடெரிக் நோர்த், 1801க்கும் 1804க்கும் இடையில், முத்துக்குளிப்பை மேற்பார்வையிடத் தமக்கெனக் கட்டுவித்த மாளிகை. கிரேக்க நாட்டு டோரிக் முறையிலே தூண்கள் அமைந்தமையால் ஆங்கிலேயர் அதனை அப்பெயராலேயே அழைத்தனர். அக்காலத்து இங்கிருந்த பாதிரியார் கோடினர், சிப்பி சுட்ட சுண்ணாம்பாற் பூசிய அதன் வெண்மையை வியந்து எழுதியுள்ளார்.

ஊர்வழக்கைப் பிழையென்று தள்ளிவிடுதல் எளிது. எனினும் முத்துக்கும் அரசிக்கும் உரிய கரையென்று தலைமுறை தலைமுறையாக எண்ணி வந்தவர்கள், அங்கு நின்ற மிகப் பெரிய வீட்டை வேறெவர்க்குத்தான் கொடுப்பர்? கல்கிசையில் ஒரு நடனமாது, அரிப்பில் ஓர் அரசி. இரண்டு இடத்தும் பெண்ணொருத்தியின் கதை முன்னே நிற்க, செலவுக் கணக்கு பின்னே மறைந்துவிட்டது.

நோர்த்தின் வீட்டுக்குப் பணம் தந்தது எதிரே கிடந்த கடல். சிலாவத்துறையிற் குளிப்புக் காலத்தில் ஒரு நகரமே எழும். கீழக்கரை, தூத்துக்குடி, அரபு நாடு முதலிய இடங்களிலிருந்து குளிகாரர் வருவர். அவர்கள் கல்லைக் காலிற் கட்டி ஆழத்தில் இறங்குவர். சுறாவின் வாயை மந்திரத்தாற் கட்டுவதாகச் சொன்ன கடற்கட்டிக்கு அரசாங்கமே ஊதியம் கொடுத்தது; கட்டாவிடிற் குளிகாரன் இறங்கான் என்பதை அது அறிந்திருந்தது. 1905இல் எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. அரசுக்கு மூன்றில் இரண்டு பங்கு. உயிரை வைத்து இறங்கியவனுக்கு ஒரு பங்கு. அடுத்த ஆண்டிலே இலண்டன் கம்பனியொன்று இருபதாண்டுக்குக் குத்தகை எடுத்தது. பார்கள் வெறுமையாகச் சில ஆண்டுகளில் அது முறிந்தது.

மாளிகையைக் கடல் இன்று துண்டு துண்டாகத் தின்றுகொண்டிருக்கின்றது. கரை அரிந்து, கடற்பக்கத்துச் சுவர்கள் விழுந்து அலையிற் கிடக்கின்றன. சித்தப்பா ஒரு செங்கல்லின்மேல் அமர்ந்து வடக்கே கைகாட்டினார். “மாப்பிள்ளை, என் பாட்டனைத் தோளில் தூக்கிக்கொண்டு அவருடைய தகப்பன் அந்த மன்னார்க் கரையில்தான் இறங்கினாராம். அங்கிருந்து மாத்தளை வரைக்கும் நடை. நான் அதே பாதையில் திரும்பி இறங்கி வந்தேன்” என்றார். அந்நடையிற் பேதியாலும் பசியாலும் வீழ்ந்தோர்க்கு நடுகல்லும் இல்லை. தலைமன்னாருக்கு இரயிலும் கப்பலும் இணைந்தது 1914இல். கோப்பி அழிந்து நெடுங்காலமான பின். 2023இல், இருநூறாண்டு நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மக்கள் நடந்தபோது, முருங்கனில் அவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தவர்களில் தாமும் ஒருவர் என்றார்.

என் மனைவி தூண்களை எண்ணத் தொடங்கினாள். எவை தூண், எவை இடிந்த சுவர் என்பது தெளிவாகவில்லை. இருமுறை எண்ணி இரு தொகை வந்தது. வெயில் ஏறிற்று. சித்தப்பா எழுந்து, வேட்டியிலிருந்த சிப்பிச் சுண்ணாம்புப் பொடியைத் தட்டிக்கொண்டு, “வாருங்கள், சோறு ஆறிவிடும்” என்றார்.