22-ஆம் நம்பர் கதவு: கோப்பு அனுப்பிய கதை

உசிலம்பட்டியில இருந்து பேசுறேன். இந்த எபிசோடுக்கு ஒரே ஒரு கேள்விதான். ஒரு கம்ப்யூட்டர்ல இருக்கிற கோப்பை, தொலைவுல இருக்கிற இன்னொரு கம்ப்யூட்டருக்கு, நடுவுல யாரும் எட்டிப் பார்க்காம எப்படி அனுப்புறது? டெர்மினலைத் திறந்து ஒரு வரி அடிச்சா வேலை முடிஞ்சிடும். ஆனா அந்த ஒரு வரிக்குப் பின்னால ஐம்பது வருஷ வரலாறு இருக்கு. அதுல ஒரு அத்தியாயம் எங்க ஊருக்கு மேற்கே, ஆண்டிப்பட்டிக் கணவாய்க்கு அங்கிட்டு நடந்தது.

கதையைத் தொடங்கி வைத்தவர் ஒரு இந்தியர். பேரு அபய் பூஷண். அலகாபாத்தில் பிறந்து, கான்பூர் ஐஐடியின் முதல் பேட்ச்ல படிச்சு, அமெரிக்காவில் எம்ஐடிக்குப் போனவர். 1971 ஏப்ரல்ல ஆர்எஃப்சி 114 என்ற ஆவணத்தை எழுதினார். எஃப்டிபி, அதாவது கோப்புப் பரிமாற்ற நெறிமுறை, அங்கதான் பிறந்தது. அப்போ இன்டர்நெட் கிடையாது. அதுக்கு முன்னோடியான அர்பாநெட் இருந்தது. சில பல்கலைக்கழகங்களும் ஆய்வுக்கூடங்களும் மட்டும் அதுல இணைஞ்சிருந்தாங்க. ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு ரகக் கம்ப்யூட்டர். ஒண்ணு எழுதுறது இன்னொண்ணுக்குப் புரியாது. அதனால அவர் தீர்க்க வேண்டியிருந்த பிரச்சினை திருட்டு இல்லை, மொழி.

எஃப்டிபியில பயனர்பெயர், கடவுச்சொல் எல்லாம் உண்டு. ஆனா அது போஸ்ட் கார்டுல எழுதி அனுப்புற கடவுச்சொல். வழியில யார் கையில சிக்குதோ அவங்க படிச்சுக்கலாம். எல்லாரும் எல்லாருக்கும் தெரிஞ்சவங்களா இருந்தவரை அது யாரையும் உறுத்தலை.

அடுத்தது 1980-களின் தொடக்கம், பெர்க்லி பல்கலைக்கழகம். அவங்க வெளியிட்ட யூனிக்ஸ்ல ஆர்லாகின், ஆர்சிபினு கருவிகள் வந்தது. ஆர்சிபி என்றால் தொலைவில் இருக்கிற மெஷினோடு கோப்பு நகல் எடுக்கும் கட்டளை. இதுல கடவுச்சொல்லே கேட்காத ஒரு ஏற்பாடும் இருந்தது. "இன்னின்ன மெஷின்ல இருந்து இன்னார் வந்தா உள்ளே விடு" என்று ஒரு பட்டியல் எழுதி வெச்சா போதும். கிராமத்துல "இன்னார் வீட்டுப் பையன்"னு சொன்னதும் திண்ணையில உட்கார வைப்பாங்களே, அது மாதிரி. வந்தவன் உண்மையிலேயே அந்த வீட்டுப் பையன்தானா என்று யாரும் பார்க்கிறதில்லை.

1995-ல இந்த நம்பிக்கை உடைஞ்சது. பின்லாந்தின் ஹெல்சின்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக நெட்வொர்க்ல யாரோ ஒட்டுக்கேட்கும் நிரல் ஒண்ணை வெச்சு, ஆயிரக்கணக்கான பயனர்பெயர்களையும் கடவுச்சொற்களையும் அள்ளியிருந்தாங்க. அங்க ஆய்வாளரா இருந்த தாத்து யூலோனன் அதுக்கு மாற்றா ஒரு நிரல் எழுதினார். அதுதான் எஸ்எஸ்ஹெச். ஆர்சிபிக்குப் பதிலா எஸ்சிபியும் அதோட வந்தது. எஃப்டிபிக்கு 21-ஆம் போர்ட், டெல்நெட்டுக்கு 23. இந்த ரெண்டையும் ஓரங்கட்டத்தான் நான் எழுதுறேன், நடுவுல இருக்கிற 22-ஐக் கொடுங்கன்னு 1995 ஜூலையில மின்னஞ்சல் போட்டார். மறுநாளே கிடைச்சது. அதே ஆண்டு ஆகஸ்ட் 15-ல தான் நம்ம நாட்டுல விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இன்டர்நெட் கொடுக்க ஆரம்பிச்சது. நமக்கு வாசல் திறந்தப்போ பூட்டு தயாராகி ஒரு மாசம்தான் ஆகியிருந்தது.

எஸ்எஸ்ஹெச் ரெண்டு வேலை பார்க்குது. வழியில போறது எதுவும் படிக்க முடியாதபடி மறைகுறியாக்குது. அதைவிட முக்கியமா, எதிர்ப்பக்கம் இருக்கிற மெஷின் யாருன்னு சாவியைக் காட்டி நிரூபிக்கச் சொல்லுது. திண்ணை நம்பிக்கை போயி, சாவி நம்பிக்கை வந்தது. பிறகு யூலோனனின் நிறுவனம் உரிமத்தை இறுக்கிக்கொண்டே போனதால், ஓபன்பிஎஸ்டி குழுவினர் பழைய சுதந்திரப் பதிப்பிலிருந்து 1999-ல ஓபன்எஸ்எஸ்ஹெச்சை உருவாக்கினாங்க. இன்னைக்கு லினக்ஸ், மேக் கம்ப்யூட்டர்கள்ல பெரும்பாலும் இருக்கிறது அதுதான்.

இப்போ தேனிப் பக்கம் வருவோம். மதுரையில இருந்து செக்கானூரணி, உசிலம்பட்டி தாண்டிப் போனா ஆண்டிப்பட்டி, அதுக்கப்புறம் தேனி. மதுரையில 1976-ல டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கையோட தொடங்கின அரவிந்த் கண் மருத்துவமனைக்குத் தேனியிலும் கிளை உண்டு. ஒரு சின்னக் கண் பரிசோதனைக்காகக் கூலி வேலையை விட்டுட்டு பஸ் ஏறணுமாங்கிற கேள்விக்கு அவங்க கண்ட பதில், ஊருக்குப் பக்கத்துலயே சிறிய விஷன் சென்டர்கள். பயிற்சி பெற்ற பணியாளர் கண்ணைப் பரிசோதிப்பார். தேனியில இருக்கிற டாக்டர் வீடியோவுல நோயாளிகிட்ட பேசுவார்.

அந்த வீடியோ போக லைன் வேணுமே? 2000-களின் நடுவுல, பெர்க்லியில பேராசிரியர் எரிக் புரூவரின் குழுவினர் (ராபின் பத்ரா, சோனேஷ் சுரானா முதலானோர்) சாதாரண வைஃபை கருவிகளை வெச்சே தொலைதூர இணைப்பு போட்டாங்க. ஒரு இணைப்பு ஒரு கிலோமீட்டர், இன்னொண்ணு 15 கிலோமீட்டர் வரைக்கும். சிலதுக்குக் கோபுரம் கட்டினாங்க. ஒரு இடத்துல ஜவுளி ஆலையின் புகைபோக்கியே கோபுரம்.

கட்டுறது ஒரு பங்கு கஷ்டம்னா, ஓட வைக்கிறது ஒன்பது பங்கு. 2008-ல அவங்க எழுதின ஆய்வுக் கட்டுரை பெரும்பாலும் இதைப் பற்றித்தான். கோளாறுகளுக்கு முதல் காரணம் மின்சாரம். வோல்டேஜ் ஏறி இறங்கி, ரௌட்டருக்குள்ள இருக்கிற மெமரி கார்டு எழுதிக்கிட்டிருக்கும்போதே கெட்டுப்போகும். அதைச் சரிபார்க்கிற இன்ஜினியர் இருக்கிறதோ அமெரிக்காவுல. அங்கிருந்து இந்த ரௌட்டருக்குள்ள நேரடியா நுழையவும் முடியாது. ஏன்னா அதுக்கு வெளியுலகம் கூப்பிடக்கூடிய பொது முகவரி கிடையாது. தெருப் பேர் இல்லாத வீட்டுக்கு லெட்டர் போடுற கதை.

அதுக்கு அவங்க செஞ்ச வழியைப் படிச்சப்போ எனக்குச் சிரிப்பும் மரியாதையும் சேர்ந்தே வந்தது. வெளியில இருந்து கூப்பிட முடியலைன்னா உள்ளே இருக்கிறவனே கூப்பிடட்டும். ரௌட்டர் அவ்வப்போது அமெரிக்காவில் இருக்கிற சர்வருக்குத் தன் நிலவரத்தை அனுப்பும். அதோட எஸ்எஸ்ஹெச்ல ஒரு தலைகீழ்ச் சுரங்கமும் திறந்து வைக்கும். இன்ஜினியர் அந்தச் சுரங்கம் வழியா எதிர்த்திசையில நடந்து தேனிக்குள்ள வந்துடுவார். இந்த ஏற்பாட்டுக்கு அவங்க வெச்ச பேரு ஃபோன்ஹோம், அதாவது வீட்டுக்குப் போன் போடு. பின்லாந்துல கடவுச்சொல் திருட்டைத் தடுக்க எழுதின நிரல், பத்துப் பன்னிரண்டு வருஷத்துல மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்துல கண் மருத்துவத்துக்குக் காவல் நின்னது. ஒரு மெஷினைப் பார்க்க யாரும் விமானம் ஏற வேண்டியதில்லை.

கரண்ட் போற ஊருக்குப் பொருத்தமான இன்னொரு கருவி ஆர்சிங்க். ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் ஆண்ட்ரூ டிரிட்ஜெல்லும் பால் மெக்கரஸும் 1996-ல வெளியிட்டது. கோப்பைத் துண்டு துண்டாக்கி, ரெண்டு பக்கத்துலயும் ஒப்பிட்டுப் பார்த்து, மாறின துண்டை மட்டும் அனுப்பும். பாதியில அறுந்ததை வெச்சுக்கச் சொன்னா, அடுத்த தடவை அதிலிருந்தே தொடரும். 2004-க்கு அப்புறம் இது இயல்பாகவே எஸ்எஸ்ஹெச் வழியாத்தான் போகுது.

எஸ்சிபி மட்டும் பாதுகாப்பா ஆகிடுச்சான்னு கேட்டா, முழுசா இல்லை. வழியைப் பூட்டினாங்களே தவிர, உள்ளே இருந்தது பழைய ஆர்சிபியின் நடைமுறைதான். நீங்க ஒரு கோப்பைக் கேட்பீங்க. எந்தப் பேர்ல என்ன அனுப்புறதுன்னு சர்வர் சொல்லும். உங்க மெஷின் பெரும்பாலும் அப்படியே நம்பும். கெட்ட சர்வரா இருந்தா, கேட்ட கோப்போட கேட்காத கோப்பையும் உங்க வீட்டுக்குள்ள வெச்சிடலாம். 2019 ஜனவரியில இதை வெளியே சொன்னவரும் ஒரு பின்லாந்துக்காரர், ஹாரி சின்டோனன். அந்த ஏப்ரல்ல ஓபன்எஸ்எஸ்ஹெச் குழுவே எஸ்சிபி நெறிமுறை காலாவதியானது, வேற பயன்படுத்துங்கன்னு எழுதினாங்க. 2022 ஏப்ரல்ல வந்த 9.0 பதிப்பில், எஸ்சிபினு அடிச்சாலும் உள்ளே ஓடுறது எஸ்எஃப்டிபிதான். கட்டளையோட பேர் மாறலை, வண்டிக்குள்ள இன்ஜின் மாறிடுச்சு. திண்ணை நம்பிக்கையை முழுசா கழட்ட நாற்பது வருஷம் ஆச்சு.

இது சர்வர் ரூம் ஆட்களோட கதைன்னு நினைக்க வேண்டாம். எங்க ஊர்லயே ஸ்கேன் சென்டர் ரிப்போர்ட், ஆடிட்டர் ஆபீஸ் கணக்கு, ஆதார் நகல் எல்லாம் தினமும் ஊர்விட்டு ஊர் போகுது. எது வழியா போகுதுன்னு அதுக்குச் சொந்தக்காரர்களுக்குத் தெரியாது. தெரிஞ்சிருக்க வேண்டியது அனுப்புற நாமதான்.

அதனால ரெண்டு வேலை. அடிக்கடி மாறுற ஃபோல்டர்னா ஆர்சிங்க், ஒரு தடவை அனுப்புறதுன்னா எஸ்எஃப்டிபி. ரெண்டாவது, ஒரு புது சர்வர்ல முதல் தடவை நுழையும்போது டெர்மினல் ஒரு கைரேகையைக் காட்டி "நம்பலாமா?"ன்னு கேட்கும். நம்மல்ல பல பேர் படிக்காமலே யெஸ் அடிச்சிடுறோம். அங்க யெஸ் அடிச்சா 1980-களின் திண்ணைக்கே திரும்பிட்டோம்னு அர்த்தம். அடுத்த தடவை அந்த சர்வரைப் பார்த்துக்கிறவருக்கு ஒரு போன் போடுங்க. "அண்ணே, கைரேகையை முழுசா வாசிங்க"ன்னு கேளுங்க. ஒத்துப்போனா உள்ளே போங்க.